நடுக்கூடமும் ஒரு கோடும் - விசுவின் திரைக்கதைகள்

இலக்கியத் தொடர் ஒன்றிலே திரைப்பட வசனகர்த்தாவைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். உங்களுள் சிலர் முகம் சுளிப்பீர்கள் என்பதை அறிவேன். கவிஞர்களும் நாவலாசிரியர்களும் இருக்க வேண்டிய இடத்திலே ஒரு சினிமாக்காரரா என்று கேட்பீர்கள். இந்தச் சுளிப்பை நான் முழுதாக மறுக்கவில்லை. ஆனால் ஒன்றை நினைத்துப் பாருங்கள். 1952இல் 'பராசக்தி' வந்த பின்னர், வீட்டிலே ஒரு புத்தகம்கூட இல்லாத மனிதர்கள் பக்கம் பக்கமாக வசனத்தை மனப்பாடம் செய்து ஒப்புவித்தார்கள். திரைப்படத்தின் ஒலிச்சித்திரத்தை வானொலியிலே கேட்டு, படத்தைக் கண்ணாற் காணாமலே அதன் பாத்திரங்களை அயல்வீட்டாரைப் போல அறிந்து வைத்திருந்தவர்கள் நம்மிடையே அநேகர். தமிழிலே வசனம் என்பது காதால் வாசிக்கப்பட்ட எழுத்து. அவ்வாறு கோடிக்கணக்கானோர் வாசித்த எழுத்தை இலக்கியம் என்று சொல்லத் தயங்குகிறோமா, சரி, தயங்குவோம். அதை ஆராயாமல் விடுவதற்கு மட்டும் நமக்கு நியாயம் இல்லை.

நான் பேசப்போவது விசுவைப் பற்றி. குடும்பப் படம் என்றால் விசு படம் என்று ஒரு பத்தாண்டு காலம் தமிழ் மக்கள் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

குடும்பப் படம் அவருடைய கண்டுபிடிப்பு அல்ல. அவருக்கு முன்னரே பீம்சிங்கின் 'பாசமலர்' (1961) இருந்தது, கே.எஸ். கோபாலகிருஷ்ணன் இருந்தார், சுந்தரம் எழுதிய 'வியட்நாம் வீடு' (1970) இருந்தது. இந்த முன்னோடிப் படங்களிற் பெரும்பாலானவற்றிலே குடும்பம் உடைவதற்கு ஒரு தீயவனோ, ஒரு தப்பெண்ணமோ, அல்லது விதியோ காரணமாக வரும். கடைசியிலே யாரோ ஒருவர் இறப்பார், அல்லது இறக்கப் பார்ப்பார். எல்லோரும் கண்ணீர் விடுவர். கண்ணீரிலே குற்றங்கள் கழுவப்படும். அந்தப் படங்களை நான் குறைத்து மதிக்கவில்லை. 'வியட்நாம் வீடு' பிரெஸ்டிஜ் பத்மநாபனை யாரால் மறக்க முடியும்? ஆனால் அந்த வீடுகளிலே மாத முடிவில் பால்காரனுக்கு யார் காசு கொடுத்தது என்று நமக்குத் தெரியவராது. விசுவின் வீடுகளிலே அது தெரியும். சண்டையே அங்கேதான் தொடங்கும்.

விஸ்வநாதன் என்னும் இயற்பெயர் கொண்ட விசு 1945 ஜூலை முதலாந் திகதி பிறந்தவர். அவர் எழுத்தாளரானது சினிமாவில் அல்ல, சென்னையின் சபா நாடக மேடையில். வை.ஜி. பார்த்தசாரதியின் நாடகக் குழுவிலே தொடங்கிப் பின்னர் தமக்கென ஒரு குழுவையும் அமைத்துக்கொண்டார். பிற குழுக்களுக்கும் நாடகம் எழுதிக் கொடுத்தார். காத்தாடி ராமமூர்த்தியின் குழு மேடையேற்றிய 'பட்டினப் பிரவேசம்' அவருடைய எழுத்து.

சபா நாடகம் என்பதைச் சற்று விளக்க வேண்டும். நமது நாட்டு நாடக மரபிலே அதற்கு நேரான ஒன்று கிடையாது. மயிலாப்பூர், திருவல்லிக்கேணி, தியாகராய நகர் போன்ற இடங்களிலே சபாக்கள் உண்டு. அங்கத்தவர்கள் சந்தா கட்டுவார்கள். சபா அவர்களுக்குக் கச்சேரியும் நாடகமும் ஏற்பாடு செய்து கொடுக்கும். நடிப்பவர்களிற் பலர் பகலிலே வங்கியிலோ அரசாங்கக் காரியாலயத்திலோ வேலை செய்பவர்கள். கே. பாலசந்தரே கணக்காய்வு அலுவலகத்திலே உத்தியோகம் பார்த்துக்கொண்டு நாடகம் எழுதியவர்தான். பார்க்க வருபவர்களும் அதே வகையினர். கையிலே மாதச் சம்பளம், வீட்டிலே கலியாணத்துக்கு நிற்கும் மகள், வேலை கிடைக்காத மகன். மேடையிலே பெரும்பாலும் ஒரு வீட்டுக்கூடம். ஒரு சாய்வு நாற்காலி, ஒரு தொலைபேசி, உள்ளே போக ஒரு வாசல், வெளியே போக ஒரு வாசல். இதற்கு மேல் காட்சியமைப்புக்குப் பணம் இல்லை. ஆகவே நடப்பவை யாவும் பேச்சாலேயே நடக்க வேண்டும். வாசலுக்கு வெளியே நடந்ததை உள்ளே வருபவர் சொல்ல வேண்டும். ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவையாவது சபை சிரிக்காவிட்டால், பின்வரிசைக்காரர் வீட்டுக்குப் போகும் கடைசி பஸ்ஸை நினைக்கத் தொடங்கிவிடுவார்.

இந்தப் பள்ளியிலே படித்தவர் விசு. அவருடைய பலமும் பலவீனமும் இங்கிருந்தே வருகின்றன.

அவருடைய 'உறவுக்குக் கை கொடுப்போம்' என்ற நாடகம் 1975இலேயே திரைப்படமாயிற்று. அது ஓடவில்லை. இந்தப் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், மீண்டும் வரும். 1977இல் பாலசந்தர் 'பட்டினப் பிரவேச'த்தைப் படமாக்கினார். கிராமத்துக் குடும்பம் ஒன்று நல்வாழ்வு தேடிச் சென்னைக்கு வந்து ஒவ்வொருவராகச் சிதறிப்போகும் கதை. மேடையிலே நடித்த டெல்லி கணேஷ் அப்படத்தின் மூலம் திரைக்கு வந்தார். விசு பாலசந்தரிடம் உதவியாளராகவும் இருந்து சினிமாத் தொழிலைக் கற்றுக்கொண்டார்.

1981ஆம் ஆண்டை எடுத்துக்கொண்டால் ஓர் எழுத்தாளரின் உழைப்பு எத்தகையது என்பது புரியும். ஒரே ஆண்டிலே 'தில்லு முல்லு', 'நெற்றிக்கண்', 'கீழ்வானம் சிவக்கும்', 'குடும்பம் ஒரு கதம்பம்' ஆகிய நான்கிலும் அவருடைய எழுத்து இருக்கிறது. முதலிரண்டும் ரஜினிகாந்துக்கு, மூன்றாவது சிவாஜி கணேசனுக்கு. இந்தியிலே வெற்றி பெற்ற 'கோல்மால்' படத்தின் தழுவலான 'தில்லு முல்லு'விலே, சண்டைக்காரராக அறியப்பட்ட ரஜினியைப் பேச்சாலேயே சிரிக்கவைக்கும் நடிகராக்கியதிலே வசனத்துக்குப் பெரும் பங்கு உண்டு. நட்சத்திரத்துக்கு எழுதுவது தையற்காரன் வேலை போன்றது. அளவு எடுத்து வெட்ட வேண்டும். அந்த வேலையும் விசுவுக்குத் தெரிந்திருந்தது. ஆனால் அவருக்கு உரிய துணி வேறு என்பதை நான்காவது படம்தான் காட்டியது. எஸ்.பி. முத்துராமன் இயக்கிய 'குடும்பம் ஒரு கதம்ப'த்திலே நட்சத்திரம் என்று ஒருவரும் இல்லை. கணவன் மனைவியருள் யார் சம்பாதிக்கிறார், யார் வீட்டைப் பார்க்கிறார் என்பதுதான் விவகாரம். அதிலேயே விசு நடிகராகவும் அறிமுகமானார். அடுத்த ஆண்டு 'கண்மணி பூங்கா' மூலம் இயக்குநருமானார்.

அதே 1982இல் வந்த 'மணல் கயிறு' அவரை வீட்டுக்கு வீடு அறிமுகப்படுத்தியது. 'மோடி மஸ்தான்' என்று மேடையிலே ஓடியதுதான் படமாயிற்று. எஸ்.வி. சேகர் நடித்த கிட்டுமணி தனக்கு வரப்போகிற மனைவிக்கு எட்டு நிபந்தனைகள் போடுகிறான். நாரதர் நாயுடு என்ற மனிதர் அந்த எட்டும் பொருந்திய பெண் இருக்கிறாள் என்று சொல்லிக் கலியாணத்தை முடித்து வைக்கிறார். அப்பெண்ணுக்கு எட்டில் ஒன்றும் பொருந்தாது. நாயுடுவாக நடித்தவர் விசுவே.

இக்கதையின் உள்ளே இருக்கும் குறும்பைக் கவனியுங்கள். ஆண் ஒருவன் பெண்ணைப் பட்டியல் போட்டுக் கேட்கிறான், கடைக்குப் போகிறவன் சாமான் பட்டியல் கொண்டு போவதுபோல. கடைக்காரன் எல்லாம் உண்டு என்று சொல்லிப் பொதி கட்டிக் கொடுத்துவிடுகிறான். வீட்டுக்கு வந்து அவிழ்த்துப் பார்த்தால் சாமான் ஒன்றும் இல்லை, ஒரு மனுஷி இருக்கிறாள். கலியாணச் சந்தையைப் பழித்து எழுதப்பட்ட எத்தனையோ கண்ணீர்க் கதைகளை நாம் வாசித்திருக்கிறோம். விசு பழிக்கவில்லை. சந்தையின் கணக்கையே எடுத்து, அந்தக் கணக்கைக்கொண்டே மாப்பிள்ளையைத் தோற்கடித்தார். நமது பகுதிகளிலே புரோக்கர் வந்து திண்ணையிலே குந்திக்கொண்டு சாதகக் கட்டை அவிழ்க்கும் காட்சியைக் கண்டவர்களுக்கு நாயுடு அந்நியர் அல்லர். பொய் சொல்லுவதிலே நம்மவரும் அவருக்குச் சளைத்தவர் அல்லர். பொய்யின் நோக்கம்தான் வேறு.

விசுவின் வசனம் எப்படிப்பட்டது? மேற்கோள் காட்டாமலே சொல்லிப் பார்க்கிறேன். ஒருவர் ஒரு சொல்லைச் சொல்வார். எதிரில் நிற்பவர் அதே சொல்லைப் பிடித்து வேறு பொருளிலே திருப்பி எறிவார். முதலாமவர் அதை மூன்றாவது தடவை எடுக்கும்போது அது கேள்வியாக மாறியிருக்கும். பந்து மூன்று முறை வலையைத் தாண்டிய பின்னர்தான் யாராவது வேறு பேச்சுக்குப் போவார்கள். இரண்டாவது இயல்பு, எண்ணுதல். ஒன்று, இரண்டு, மூன்று என்று விரலை மடக்கி நியாயங்களை அடுக்குவார்கள். 'மணல் கயிறு' எட்டு நிபந்தனைகளின்மேல் நிற்பது தற்செயல் அல்ல. மூன்றாவது, எதுகை. படப் பெயர்களையே பாருங்கள்: 'சம்சாரம் அது மின்சாரம்', 'திருமதி ஒரு வெகுமதி', 'பெண்மணி அவள் கண்மணி', 'வேடிக்கை என் வாடிக்கை'. 1990இல் வந்த ஒரு படத்துக்கு 'வரவு நல்ல உறவு' என்றே பெயர். வரவும் உறவும் எதுகையிலே பொருந்துகின்றன. வாழ்க்கையிலே பொருந்துமா என்பதுதான் அவர் வாழ்நாள் முழுவதும் எழுதிய கதை.

இனி, அந்த ஒரு படத்துக்கு வருகிறேன்.

ஏவி.எம். நிறுவனத்துக்காக விசு கதை சொன்னபோது, பத்தாண்டுகளுக்கு முன் ஓடாமற்போன 'உறவுக்குக் கை கொடுப்போம்' கதையையே எடுத்துச் சென்றார். ஏவி.எம். சரவணனுக்குக் கதை பிடித்தது. ஆனால் அதிலே இறுக்கம் அதிகம் என்று பட்டது. சற்று இலேசாக்க ஒரு பாத்திரம் தேவை என்றார். அவ்வாறு பிறந்தவள்தான் மனோரமா நடித்த வேலைக்காரி கண்ணம்மா. தயாரிப்பாளர் சொன்னதற்காக எழுத்தாளர் சேர்த்த பாத்திரம் என்றால் நாம் உடனே வியாபாரம் என்று சொல்லிவிடுவோம். இங்கே நடந்ததோ வேறு. கூலிக்கு வேலை செய்பவள், வீட்டுக் கணக்கிலே பங்கில்லாதவள் என்பதாலேயே வீட்டார் ஒருவருக்கும் சொல்ல முடியாததைச் சொல்லும் உரிமை அவளுக்குக் கிடைத்தது. சம்பந்தியாக வரும் கிஷ்முவும் அவளும் எதிரெதிரே நின்று பேசும் காட்சியைத் தமிழ் பேசும் உலகம் இன்றளவும் நடித்துக் காட்டிக்கொண்டிருக்கிறது. கிஷ்மு விசுவின் உடன்பிறந்த தம்பி. அவர் படங்களின் நிரந்தர அங்கத்தவர்.

'சம்சாரம் அது மின்சாரம்' 1986இல் வெளிவந்தது. கதையைப் பெரும்பாலானோர் அறிவீர்கள். அம்மையப்ப முதலியார், அவர் மனைவி கோதாவரி, மூன்று ஆண்மக்கள், ஒரு மகள். மூத்தவன் சிதம்பரம், ரகுவரன் நடித்தது. அவன் மனைவி உமா, லட்சுமி நடித்தது. இரண்டாமவன் சிவா, சந்திரசேகர். அவன் மனைவி வசந்தா புதிதாக வந்தவள். கடைக்குட்டி பாரதி பரீட்சையிலே தவறிக்கொண்டே இருப்பவன். மகள் சரோஜினி தான் விரும்பிய கிறிஸ்தவ இளைஞனை மணந்துகொள்கிறாள். இந்த வீட்டிலே வில்லன் இல்லை. கெட்டவன் என்று விரல் நீட்ட ஒருவருமில்லை. ஒவ்வொருவரும் தம்மளவிலே நியாயம் உள்ளவர்கள். தம்பிக்குப் பாடம் சொல்லிக் கொடுத்து அவனைக் கரையேற்ற வேண்டும் என்று சிவா இரவிலே விழித்திருக்கிறான், நல்ல காரியம். கணவனோடு தனியாகப் பேச நேரமே இல்லையே என்று வசந்தா குமுறுகிறாள், அதுவும் நியாயம். கூடுதலாகச் சம்பாதிக்கும் சிதம்பரம், வீட்டுச் செலவுக்குத் தன் பங்குக்கு மேல் ஏன் கொடுக்க வேண்டும் என்று கேட்கிறான். கேட்கத் தகாத கேள்வியா? தகாததுதான், ஆனால் கணக்கிலே பிழை இல்லை. அப்பா கேட்பது பாசம். மகன் காட்டுவது கணக்கு. வார்த்தை தடிக்கிறது. முடிவிலே தகப்பன் வீட்டின் நடுவே ஒரு கோடு கிழித்து விடுகிறார். கோட்டுக்கு அந்தப் பக்கம் மூத்த மகன், இந்தப் பக்கம் மற்றவர்கள்.

சபா மேடையின் பிள்ளையால் மட்டுமே சிந்திக்கக்கூடிய காட்சி இது. சுவர் எழுப்பவில்லை, வழக்குப் போடவில்லை, யாரும் வீட்டை விட்டு மழையிலே இறங்கிப் போகவில்லை. அதே கூடம், அதே தரை, நடுவிலே ஒரு கோடு. அதைத் தாண்டுவது ஒரு காலடி. ஒருவரும் தாண்டுவதில்லை. விசுவின் படங்களிலே காட்சிமொழி இல்லை, பேச்சுத்தான் உண்டு என்று விமர்சகர்கள் சொல்வார்கள், நானும் சொல்லுவேன். ஆனால் பேச்சு முழுவதும் முடிந்தபின் மிஞ்சி நிற்கிற ஒரு காட்சியை அவர் இங்கே எழுதிவிட்டார்.

இதைவிட முக்கியமானது ஒன்றுண்டு. மற்றப் படங்களிலே விசு தமக்கென எழுதிக்கொள்வது பெரும்பாலும் நாரதர் நாயுடு வகைப் பாத்திரம். வெளியிலிருந்து வருவார், எல்லாம் தெரிந்தவர், முடிச்சுப் போடுவார், அவிழ்ப்பார், கடைசி வார்த்தையும் அவருடையதே. எழுத்தாளரே நடிகராகவும் இருந்தால் இந்தச் சபலம் இயல்பு. 'சம்சாரம் அது மின்சார'த்திலே அவர் அம்மையப்ப முதலியாராக வருகிறார். கோட்டைக் கிழிப்பவர் அவரே. அதாவது தவறு செய்யும் இடத்தை எழுத்தாளர் தமக்கு எடுத்துக்கொண்டார். முடிச்சவிழ்க்கும் வேலையை மருமகள் உமாவிடமும் கண்ணம்மாவிடமும் ஒப்படைத்தார். பிரசவத்துக்குத் தாய்வீடு போயிருந்த உமா திரும்பி வந்து, சிறிய சிறிய சூழ்ச்சிகளாலே பிரிந்தவர்களை ஒவ்வொருவராகச் சேர்த்து வைக்கிறாள். சிதம்பரம் மனம் மாறுகிறான். தகப்பன் மன்னிக்கிறார். இனி என்ன, வணக்கம் போட வேண்டியதுதான் என்று சபை எழும்பத் தயாராகும் நேரத்திலே உமா மறுக்கிறாள். நாங்கள் தனிக்குடித்தனம் போகிறோம், வந்து வந்து போகிறோம், தூர இருந்தால் அன்பு கெடாது என்ற கருத்தை மாமனாருக்கு மரியாதை குறையாமல் எடுத்துச் சொல்லுகிறாள். எழுதிய மனிதர் எதிரே நின்று கேட்டுக்கொண்டிருக்கிறார்.

1986இலே, குடும்பங்கள் சேர்ந்தமர்ந்து பார்க்க என்று விளம்பரம் செய்யப்பட்ட ஒரு படத்திலே, கூட்டுக்குடும்பத்தைத் திரும்ப ஒட்டவைக்காமல் விட்டது சாதாரணத் துணிவு அல்ல. ஒட்டவைத்திருந்தால் இன்னும் ஒரு வாரம் கூடுதலாகக்கூட ஓடியிருக்கலாம். ஒட்டிய பாத்திரத்திலே தண்ணீர் நிற்காது என்று எழுத்தாளருக்குத் தெரிந்திருந்தது. அதைச் சொல்லும் உரிமை அந்த வீட்டிலே கூடுதலாக உழைத்தவளுக்கே உண்டு என்பதும் தெரிந்திருந்தது.

நம்மவர் இப்படத்தை எப்படிப் பார்த்தார்கள் என்பது தனியே யோசிக்க வேண்டிய விடயம். அந்த ஆண்டுகளிலே வடக்கிலே பலரும் புதுப்படம் கண்டது வாடகைக்கு எடுத்த ரீ.வி.யிலும் டெக்கிலும்தான். முற்றத்திலே பாய் விரித்து, அயலட்டையெல்லாம் கூடியிருந்து பார்த்த காலம். யாழ்ப்பாணத்துக் குடும்ப அமைப்பு வேறு என்பது உங்களுக்குத் தெரியும். தேசவழமையின்படி வீடு பெரும்பாலும் மகளுக்குச் சீதனமாகப் போகும். மருமகன்தான் மாமியார் வீட்டு வாசற்படி ஏறுவான். மூன்று மருமக்கள் ஒரே அடுப்படியிலே மோதிக்கொள்ளும் நிலை இங்கே அரிது. அப்படியானால் அந்தக் கோடு ஏன் நம்மைச் சுட்டது? அது அடுப்படிச் சண்டை அல்ல, காசுச் சண்டை என்பதாலேதான் என்று நினைக்கிறேன். வெளிநாடு போன அண்ணன் அனுப்பிய காசிலே தங்கைமாரின் கலியாணங்கள் நடந்த காலம் அது. யார் எவ்வளவு அனுப்பினார், யார் அனுப்பவில்லை, அனுப்பியவனுக்கு வீட்டிலே என்ன உரிமை என்ற கேள்விகள் கடிதங்களிலே எழுதப்படாமல் கடிதங்களின் இடைவெளியிலே கிடந்தன. சிதம்பரம் கணக்குச் சொல்லும் கட்டத்திலே முற்றத்திலே எழுந்த அமைதி எனக்கு இப்போதும் நினைவிருக்கிறது. சிரித்துக்கொண்டிருந்தவர்களும் பேசாதிருந்தார்கள்.

குறைகளையும் சொல்ல வேண்டும். வசந்தாவை மறுபடி எண்ணிப் பார்க்கிறேன். கணவனுடன் இருக்க ஓர் இரவு வேண்டும் என்று கேட்ட அந்தப் பெண்ணின் நியாயத்தைப் படம் பாதிவரை கேட்டுவிட்டு, மீதியிலே அவளுக்குப் பாடம் சொல்லத் தொடங்கிவிடுகிறது. உமா உயர்த்தப்படுவது அவள் பொறுமையாலும் சாமர்த்தியத்தாலும்; பொறுமை இல்லாதவளுக்கு அந்த வீட்டிலே இடம் எங்கே என்று எழுத்தாளர் கேட்கவில்லை. பெண்களின் வேலையைப் போற்றுவார், பங்கிட மாட்டார். ஆசிரியர் கூற்றாக நீளும் பிரசங்கங்கள் பிற்காலப் படங்களிலே கூடிக்கொண்டே போயின. பாத்திரத்துக்கு முதலியார் என்று பெயர் வைத்தாலும் பேச்சிலே மயிலாப்பூர் சபா வாடை போகவில்லை. மாதச் சம்பளம் வாங்குகிறவர்களைத் தாண்டி, நாட்கூலிக்காரரின் வீட்டுக்குள் அவருடைய பேனா அரிதாகவே நுழைந்தது. கண்ணம்மாவின் வீடு எங்கே இருக்கிறது, அங்கே கூடம் உண்டா என்று நமக்குத் தெரியாது. இன்னொன்று: கண்ணை மூடிக்கொண்டு கேட்டாலும் அவருடைய படங்கள் முக்காற்பங்கு விளங்கும். திரைப்படத்துக்கு இது குற்றம். வானொலிக்காரர்களாகிய எங்களுக்கு அதைக் குற்றமென்று சொல்ல வாய் வரவில்லை.

அப்படம், மக்கள் விரும்பும் நல்ல பொழுதுபோக்குப் படத்துக்கான இந்திய தேசிய விருதைப் பெற்றது. அந்தப் பிரிவிலே தங்கத்தாமரை பெற்ற முதல் தமிழ்ப்படம் அதுவே. தெலுங்கிலே 'சம்சாரம் ஒக்க சதரங்கம்' (1987), கன்னடத்திலே 'ஒந்தே கூடின ஹக்கிகளு' (1987), மலையாளத்திலே சத்யன் அந்திக்காடு இயக்கிய 'குடும்பபுராணம்' (1988) என்று அது வீடு மாறிக் குடியேறியது. விசுவோ தொடர்ந்து எழுதினார், இயக்கினார், நடித்தார். மதுவிலக்கைப் பொருளாகக் கொண்ட 'நீங்க நல்லா இருக்கணும்' (1992) சமூகப் பிரச்சினை பற்றிய படங்களுக்கான தேசிய விருதைப் பெற்றது. விருது வந்ததே தவிர, 'மணல் கயிறு' காலத்துக் குறும்பு அதிலே மெலிந்துவிட்டது என்பது என் அபிப்பிராயம்.

தொண்ணூறுகளிலே குடும்பக்கதை திரையரங்கை விட்டுத் தொலைக்காட்சித் தொடர்களுக்கு இடம்பெயர்ந்தது. அங்கே ஒரு சண்டையை இரண்டரை மணி நேரத்திலே முடிக்க வேண்டிய அவசியம் கிடையாது. இரண்டரை ஆண்டு இழுக்கலாம். கணக்கை நேர்செய்து முடிக்கிற எழுத்தாளருக்கு அது ஒத்துவராத தொழில். விசு தொலைக்காட்சிக்குப் போனார், ஆனால் தொடர் எழுத அல்ல. சன் தொலைக்காட்சியிலே 'அரட்டை அரங்கம்' நடத்தினார், பின்னர் ஜெயா தொலைக்காட்சியிலே 'மக்கள் அரங்கம்'. ஊர் ஊராகப் போய், சாதாரண மக்களை எழுப்பி நிறுத்தி, ஒரு பொருளிலே இரு பக்கமும் பேசவைத்தார். வசனம் எழுதிக் கொடுக்காமலே மக்கள் பேசினார்கள். மாமியாரைப் பற்றி, பிள்ளைகள் கைவிட்டதைப் பற்றி, கடனைப் பற்றி. முப்பது ஆண்டு அவர் மேடைக்கு எழுதிக் கொடுத்த கூடம் இப்போது தானாகவே பேசத் தொடங்கியது. நடுவிலே நின்று ஒருவரை நிறுத்தி இன்னொருவரைப் பேசவிடும் நாரதர் நாயுடு வேலைதான் அவருக்கு மிஞ்சியது. அதை அவர் மிக விரும்பிச் செய்தார் என்பது பார்த்தவர்களுக்குத் தெரியும். இங்கே நம் வீடுகளிலும் அந்நிகழ்ச்சிக்குச் சுவைஞர் இருந்தனர். படங்களைப் பாராத இளந்தலைமுறை அவரை அரட்டை அரங்க விசுவாகவே அறிந்தது.

2001இல் வந்த 'சிகாமணி ரமாமணி'க்குப் பின் அவருடைய இயக்கத்திலே படம் வரவில்லை. 2016இல் 'மணல் கயிறு 2' வந்தபோது, வயோதிபராகி நாரதர் நாயுடுவாகவே மீண்டும் தோன்றினார். இம்முறை நிபந்தனைப் பட்டியல் போடுவது மணமகள். முப்பத்துநான்கு ஆண்டிலே பட்டியல் ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாறியிருந்தது.

விசு 2020 மார்ச் 22ஆந் திகதி சென்னையிலே காலமானார். அவருக்கு வயது 74. நோய்த்தொற்றின் நிமித்தம் இந்தியா முழுவதும் மக்கள் ஊரடங்கு என்று அறிவிக்கப்பட்டிருந்த ஞாயிற்றுக்கிழமை அது. தகப்பன், மகன், மருமகள் என்று எல்லோரும் ஒரே கூரையின் கீழே, வெளியே போக வழியில்லாமல் வீட்டுக்குள் இருந்தார்கள்.